நூற்றில் இரண்டு பங்கு

என் பழைய அலுவலகத்தில் இப்போது வேலை பார்க்கும் பெண்கள் இரண்டு பேர் போன மாதம் போன் செய்தார்கள். புது மீட்டர் வந்திருக்கிறதாம். டேங்குக்குள் குழாயை இறக்கினால் போதும், ஆள் இறங்கலாம் என்றால் பச்சை விளக்கு, கூடாது என்றால் சிவப்பு விளக்கு. "அப்புறம் எதுக்கு மேடம் நீங்கல்லாம் பேப்பர்ல அத்தனை கணக்குப் போட்டீங்க? எங்களுக்குக் கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்" என்றார்கள். கேலிக்குக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார்கள். ஆனாலும் போனை வைத்த பிறகு எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அப்புறம் யோசித்தேன். வீட்டில் வேறு வேலையும் இல்லை, பேச ஆளும் இல்லை. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கப்பலின் எண்ணெய் டேங்க், தொழிற்சாலையின் பெரிய தொட்டி, இப்படி மூடிக்கிடக்கும் இடத்துக்குள் சுத்தம் செய்யவோ வெல்டிங் வைக்கவோ ஆள் இறங்க வேண்டியிருக்கும். உள்ளே இருக்கும் காற்று மூச்சுவிட லாயக்கானதா என்று மேலே நின்று சோதித்து, சீட்டில் கையெழுத்துப் போடுபவள் நான். என் கையெழுத்து இல்லாமல் யாரும் இறங்கக்கூடாது. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர், மணலி என்று இந்தப் பக்கத்திலேயே என் மொத்த சர்வீசும் கழிந்தது.

எங்கள் அப்பா திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகைக் கடை வைத்தவர். கடைக்கு வருகிறவர்கள் "பொண்ணுக்கு எங்க வேலை அண்ணாச்சி?" என்று கேட்டால், "கப்பல்ல காத்துப் பாக்குறா" என்பார். "காத்து பாக்குறதுக்கெல்லாம் சம்பளம் குடுக்கறானா!" என்று சிரிப்பார்கள். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். கடைசிவரை அவருக்கு என் வேலை பிடிபடவில்லை. மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களுக்கும் பிடிபடவில்லை. அந்தப் பேச்சு அப்படியே ஓய்ந்துபோனது.

கப்பல் ரிப்பேர் யார்டுகளில் எனக்கு வைத்த பெயர் மூக்கு மேடம். பாசத்தில் வைத்த பெயர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நான் வந்து நின்றாலே வேலை நிற்கும். வேலை நின்றால் அன்றைய கூலி நிற்கும். அப்படிப்பட்ட பொம்பளையை யாருக்குப் பிடிக்கும்? கேன்டீனில் நான் போய் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விடுவார். முதல் இரண்டு வருஷம் பாத்ரூமில் போய் அழுதிருக்கிறேன். அப்புறம் டப்பாவைக் கப்பலின் பின்பக்கம் கொண்டுபோய், கடலைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சாப்பிடப் பழகிக்கொண்டேன்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் ஜெயபால் சார். எங்கள் சோதனை அலுவலகத்தின் தலைமை ரசாயன நிபுணர். ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். எம்.எஸ்சி. படித்திருந்தாலும் பேச்சில் ஒரு சொல்லைக்கூட மாற்றிக்கொள்ளாதவர். பெரிய கப்பல் கேப்டனிடம்கூட "இன்னா சார், சோக்கா கீறீங்களா?" என்றுதான் ஆரம்பிப்பார். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குடை, தோளில் ஒரு துணிப்பை. அந்தப் பைக்குள் ஒரு குட்டி சிலிண்டர் இருக்கும். அதில் இருப்பது வெறும் காற்று. ஈரமில்லாத, சுத்தமான காற்று.

மீட்டரை வேலைக்கு முன் நல்ல காற்றில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். 'இதுதான் சரியான அளவு, இதைவிடக் குறைந்தால் சொல்' என்று அதற்குப் பழக்குவது மாதிரி. மற்ற அலுவலகத்துக்காரர்கள் யார்டு வாசலில் வெளிக்காற்றிலேயே வைத்துவிடுவார்கள். ஜெயபால் சார் விடமாட்டார். "மணலி பொகை ஒரு பக்கம், கொடுங்கையூர் குப்ப பொகை ஒரு பக்கம், மேல கடலு ஈரம் வேற. இந்தக் காத்த போய் நல்ல காத்துன்னு மிசினுக்கு சொல்லிக்குடுப்பியா நீ? அது நம்ம பேச்ச நம்பிடும்மா" என்பார். அதனால் நாங்கள் காற்றையே சிலிண்டரில் எடுத்துப் போவோம். "டேய், காத்த பாட்டில்ல இட்டுகினு வர்றாங்கடோய்!" என்று கப்பல் மேலிருந்து கத்துவார்கள். ஜெயபால் சார் குடையைத் தூக்கிக் காட்டுவார்.

அவரிடம் சில பழக்கங்கள் இருந்தன. சீட்டில் கையெழுத்துப் போடும்வரை அந்த யார்டின் டீயைத் தொடக்கூடாது. "டீய குட்ச்சா மொகத்த பாத்து முடியாதுன்னு சொல்ல வாய் வராது" என்பார். இரண்டாவது, உள்ளே இறங்கப்போகும் ஆளின் பெயரைக் கேட்க வேண்டும். மூன்றாவது, கணக்கு. சந்தேகமான டேங்க் என்றால் அவரும் நானும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து தனித்தனியாகப் போடுவோம். முடிந்ததும் திரும்பி ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். பரீட்சையில் எட்டிப் பார்க்கிற பிள்ளையைப் போல நான் ஒருமுறை திரும்பிவிட்டேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

அந்தக் கணக்குதான் இந்தப் பெண்கள் கேட்டது. கல்லூரியில் பகுதி அழுத்தம் என்று படித்திருந்தேன், மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஆனால் எனக்குப் புரிந்தது ஜெயபால் சார் சொன்ன பிறகுதான். "ஒரே ரூம்புல நாலு பேரு குடியிருக்கான்னு வெச்சுக்கோ. ஒருத்தன் இன்னொருத்தன கண்டுக்கறதேயில்ல. அவனவன் ரூம்பு பூரா தானே கீற மாரி சுத்திகினு கீறான், தன் பங்குக்கு சொவத்த தள்ளிகினு கீறான். நாலு பேரு தள்றதையும் கூட்டுனா மொத்த அழுத்தம். ஒருத்தன் மட்டும் தள்றது அவன் பங்கு. நமக்கு வேண்டியது ஆக்சிஜன் எவ்ளோ தள்றான்றதுதான்."

எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. இப்போது மாத்தூரில் அடுக்குமாடியில் தனியாக இருக்கிறேன். அடுத்த வீட்டுக்காரர் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. ஜெயபால் சார் சொன்னது வாயுக்களுக்கு மட்டுமில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

இனி அந்த ஒரு டேங்க்.

எண்ணூர்ப் பக்கம் ஒரு ரிப்பேர் யார்டு. பாமாயில் ஏற்றி வந்த சிறிய கப்பல் ஒன்று நின்றிருந்தது. பாமாயில் குளிரில் உறைந்துபோகும் என்பதால் டேங்கின் அடியில் எவர்சில்வர் குழாயைச் சுருள் சுருளாகப் போட்டு, அதில் வெந்நீர் ஓடவிட்டு இளக வைப்பார்கள். அந்தச் சுருளில் ஓரிடத்தில் விரிசல். ஆள் இறங்கி அடியில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ச் சேற்றை வழித்தால்தான் ரிப்பேர் வேலை தொடங்கும். மார்கழி மாதக் காலை. டேங்கை வெந்நீரில் கழுவி ஆறவிட்டு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். ஜெயபால் சாருக்கு வேறு வேலை, நான் மட்டும் போனேன்.

மீட்டரின் குழாயை இறக்கினேன். அது அடிவரை போகவில்லை, சுருள்களின் மேலேயே தங்கிவிட்டது. எரியும் வாயு பூஜ்யம். விஷ வாயு பூஜ்யம். ஆக்சிஜன் நூற்றில் பத்தொன்பது புள்ளி ஆறு. பத்தொன்பதரைக்கு மேல் இருந்தால் இறங்கலாம் என்பது விதி. ஆகவே விதிப்படி பாஸ். இன்றைய மீட்டராக இருந்தால் பளிச்சென்று பச்சை காட்டியிருக்கும்.

பக்கத்தில் யார்டு இன்ஜினியர் நின்றிருந்தார். இளைஞர், மரியாதையானவர். "டேங்க்கை வெந்நீர்ல கழுவியிருக்கோம் மேடம். உள்ள ஒரே ஈரம். நீராவி எடத்தப் பிடிச்சா ஆக்சிஜன் கொஞ்சம் குறையத்தானே செய்யும்?" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. அவருடைய மீட்டர் வெளிக்காற்றில் சரிபார்த்தது, இன்னும் தாராளமாக இருபதுக்கு மேல் காட்டியது.

நான் உள்ளே வெப்பம் பார்த்தேன். முப்பது டிகிரி. அந்த வெப்பத்தில் காற்று எவ்வளவு ஈரத்தைக் குடிக்க முடியுமோ அவ்வளவும் குடித்திருந்தாலும், நீராவியின் பங்கு பாதரச மில்லிமீட்டர் கணக்கில் முப்பத்திரண்டுக்கு மேல் போகாது. மொத்த அழுத்தம் எழுநூற்று அறுபது. நீராவியைக் கழித்தால் எழுநூற்று இருபத்தெட்டு. அதில் ஆக்சிஜன் ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல், நூற்று ஐம்பத்திரண்டு. அதாவது நூற்றில் இருபது. ஈரத்தின் மேல் எவ்வளவு பழி போட்டாலும் மீட்டர் இருபது காட்ட வேண்டும். காட்டவில்லை.

"பாயின்ட் நாலுதானே மேடம்?" என்றார் இன்ஜினியர்.

"பாயின்ட் நாலு இல்ல சார். காத்துல ஆக்சிஜன் அஞ்சுல ஒரு பங்கு. அதுல பாயின்ட் நாலு கொறஞ்சிருக்குன்னா மொத்தக் காத்துல அதைப் போல அஞ்சு மடங்கு, ரெண்டு கொறஞ்சிருக்கு. நூத்துக்கு ரெண்டு பங்கு என்னன்னு தெரியாத ஒண்ணு உள்ள இருக்கு. வாசனை இல்ல, எரியாது, மீட்டருக்கும் அது தெரியல. இது சுருளுக்கு மேல. அடியில எவ்வளவு இருக்கோ எனக்குத் தெரியாது. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

சொல்லி முடிக்கவில்லை, காண்ட்ராக்டர் மணிவண்ணன் வந்துவிட்டார். சுத்தம் செய்கிற ஆட்களைக் கூட்டி வந்தவர் அவர்தான். "எல்லாம் பாஸ்னு மிசின் சொல்லுது, இந்தம்மா மட்டும் இல்லன்றாங்க. இன்னா சார் இது, பேஜாரா கீது!" என்று இன்ஜினியரிடம் கத்தினார். நான் இறங்கப்போகும் ஆளின் பெயரைக் கேட்டேன்.

"சேகர்" என்று முன்னால் வந்தார் ஒருவர். வியாசர்பாடிக்காரர், முப்பது வயதுக்குள் இருக்கும். இடுப்பில் கயிறு கட்டித் தயாராக நின்றார். மணிவண்ணன் நிரந்தர கேங்குக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார், இந்த டேங்கை முடித்தால் அதில் சேகருக்கு இடம் என்று சொல்லியிருந்தார். அதை சேகரே என்னிடம் சொன்னார். "மேடம், கல்யாணம் ஆயி ஆறு மாசம்தான் ஆவுது. மாசா மாசம் சம்பளம்னா வூட்ல நிம்மதியா இருப்பாங்க. ஒரு கையெழுத்துதானே மேடம். நான் ஒருத்தன் மட்டும் எறங்கறேன். மூச்சு முட்டுச்சுன்னா கயித்த இஸ்துடுவேன், தூக்கிடுவாங்க" என்றார்.

"மூச்சு முட்டாது சேகர். ஒண்ணுமே தெரியாது. அப்படியே விழுந்துடுவீங்க."

"நீ ரூம்ல ஒக்காந்துகினு சம்பளம் வாங்கற. உனுக்கு இன்னா தெரியும் எங்க பொயப்பு?" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். ஆனால் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஜெயபால் சாருக்குப் போன் செய்தேன்.

அவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. பையிலிருந்து சிலிண்டரை எடுத்து மீட்டரை மறுபடி சரிபார்த்தார், குழாயை இறக்கினார், வெப்பம் பார்த்தார். அப்புறம் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். சுற்றிலும் இருபது பேர் முறைத்துக்கொண்டிருக்க, கப்பல் மேல்தளத்தில் நாங்கள் இரண்டு பேரும் முதுகோடு முதுகு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். யாரோ விசில் அடித்தார்கள். திரும்பிக் காட்டினோம். அவருக்கும் நூற்றில் இரண்டு.

அவர் மூடியை இழுத்து டேங்கின் வாயை மூடினார். அதன்மேல் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

"யோவ் பெருசு, எந்திரிய்யா" என்றார் மணிவண்ணன்.

"நாஷ்டா துன்னுட்டு வந்துகீறேன் நைனா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று குடையை விரித்துக்கொண்டார் ஜெயபால் சார். வெயில்கூட அப்போது ஏறியிருக்கவில்லை.

மணிவண்ணன் கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், கடைசியில் ஆத்திரத்தை சேகர் பக்கம் திருப்பினார். "உன்ன இட்டாந்த நேரமே சரியில்லடா. நாளைக்கு வேற கேங்க வெச்சு முடிச்சுக்கறேன், நீங்கல்லாம் கெளம்புங்க" என்றார். சேகர் கயிற்றை அவிழ்த்துத் தளத்தில் எறிந்தார். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை. வேனில் எல்லாரையும் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகுதான் தெரிந்தது. மேல்தளத்தில், அந்தச் சுருள் குழாய் டேங்குக்குள் நுழையும் இடத்தில், முந்தின நாள் வெல்டர்கள் புதுத் துண்டு ஒன்றை ஒட்டவைத்துக்கொண்டிருந்தார்கள். எவர்சில்வர் குழாயில் வெல்டிங் வைத்தால் உள்பக்கம் கருகாமலிருக்க, குழாய்க்குள் ஆர்கான் வாயுவை மெதுவாக ஓடவிடுவது வழக்கம். வேலையைப் பாதியில் விட்டுப் போனவர்கள் சிலிண்டரின் வால்வை மூடவில்லை. தளத்தைச் சுற்றிவந்த ஜெயபால் சார் அந்தக் குழாயில் காதை வைத்துக் கேட்டார். "வாம்மா, நீயும் கேளு" என்றார். உஸ்ஸென்று மெல்லிய சத்தம். ராத்திரி முழுக்க ஆர்கான் அந்தக் குழாய் வழியே போய், அடியில் விரிசல் வழியாக டேங்குக்குள் இறங்கியிருக்கிறது. காற்றைவிடக் கனமானது, அதனால் அடியிலேயே தேங்கியிருக்கிறது.

இன்ஜினியர் ஓடிப்போய் வால்வை மூடினார். ஒரு மூங்கில் கழியில் மீட்டர் குழாயைக் கட்டி, சுருள்களின் இடுக்கு வழியாக அடிவரை விட்டுப் பார்த்தோம். மீட்டர் அலறியது. ஆக்சிஜன் ஒன்பது. சேற்றை வழிக்கக் குனிகிற ஆளுக்கு இரண்டு மூச்சு போதும். தூக்கப் போகிறவரும் விழுவார்.

இன்ஜினியர் அப்படியே தளத்தில் உட்கார்ந்துவிட்டார். "நான் இறங்குங்கன்னு சொல்லியிருப்பேன் மேடம்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நடந்ததை ஒளிக்காமல் மேலதிகாரிகளுக்கு எழுதினார், அதன்பின் அந்த யார்டில் ஆர்கான் வேலைக்குத் தனிக் காவல் வந்தது. அன்று இரவு முழுக்க டேங்குக்குள் வெளிக்காற்றை அடிக்கும் ஊதுவிசிறி ஓடியது. மறுநாள் மீட்டரும் கணக்கும் ஒன்றாக இருபது காட்டின. வேறு கேங்க் இறங்கி, சேற்றை வழித்து, பாட்டுப் பாடிக்கொண்டே மேலே வந்தது.

சேகர் எங்கே என்று மணிவண்ணனிடம் கேட்டேன். "அவன இனிமே கூப்ட மாட்டேன் மேடம், எங்க போனானோ" என்றார். அவ்வளவுதான்.

அன்று திரும்பும்போது ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்து நான் அழுதேன். "இன்னாத்துக்கு அய்வுற?" என்றார் சார். ஒரு உயிர் பிழைத்தது யாருக்குமே தெரியாதே என்றேன். "விய்ந்துருந்தா ஊருக்கே தெரிஞ்சிருக்கும். தெரியாம போனா நாம ஒயுங்கா வேலை செய்ஞ்சோம்னு அர்த்தம்" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு ஆயுசை ஓட்டுவது லேசான காரியம் இல்லை. டாக்டரைத் தேடி வந்து பழத்தட்டு கொடுப்பவர்கள் உண்டு. என்னைத் தேடி யாரும் வந்ததில்லை. ரிட்டயர் ஆன அன்று ஒரு சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம். ஜெயபால் சார் போன வருஷம் போய்விட்டார். காசிமேட்டுக் கல்லறையில் அவரை அடக்கம் செய்தபோது நின்றிருந்தவர்களில், அவரால் உயிர் பிழைத்தவர் என்று ஒருத்தரைக்கூட என்னால் காட்ட முடியவில்லை. அதன்பிறகு கணக்கைப் பற்றிப் பேச எனக்கு யாரும் இல்லை.

போன வாரம் காலடிப்பேட்டையில் ஒரு சொந்த வேலையை முடித்து மாத்தூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு கொய்யா வண்டி. கால் கிலோ கேட்டேன். தராசைத் தூக்கியவர் என் முகத்தையே பார்த்தார்.

"நீ மூக்கு மேடம்தானே?"

தலை நரைத்து, உடம்பு தளர்ந்திருந்தது. ஆனால் அந்தப் பார்வை அதேதான். "சேகர்!" என்று கத்தியே விட்டேன். என் குரல் எனக்கே கேட்டுப் பல நாளாகிவிட்டது. பஸ் நிறுத்தத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பேர்லாம் நல்லா ஞாபகம் வெச்சுகினு கீற" என்று ஆரம்பித்தார். எத்தனை வருஷமாக உள்ளே வைத்திருந்தாரோ, எல்லாம் கொட்டியது. "அன்னிக்கு என் பொயப்புல மண்ண போட்டுட்டு போனியே, நல்லா கீறியா? அப்பாலிக்கா எவனும் என்ன கேங்குல சேத்துக்கல. கால்வா தோண்டுனேன், மூட்ட தூக்குனேன், இடுப்பு போச்சு. அன்னிக்கு மட்டும் நான் உள்ள எறங்கிருந்தேன்னு வெச்சுக்கோ, என் கதையே வேற!"

"சேகர், அந்த டேங்க் அடியில ஆர்கான் இருந்துச்சு. நீங்க போனப்புறம்தான் கண்டுபிடிச்சோம். இறங்கியிருந்தா ரெண்டு மூச்சுல..."

"உதார் உடாத. இத்தினி வருஷம் கயிச்சு கத சொல்றியா?" என்று கையை வீசினார். "மறுநாளு எறங்குனவன்லாம் சோக்கா மேல வர்ல? ஊர் பூரா தெரியும்."

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஊதுவிசிறி, மூங்கில் கழி, ஒன்பது என்று காட்டிய மீட்டர், எல்லாம் இருந்தது. ஆனால் அப்போது ஒரு பெண் டிபன் கேரியரோடு வந்து வண்டிக்குப் பின்னால் நின்றாள். கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை. அப்பாவின் மூக்கு, அப்பாவின் முறைப்பு. "இன்னாப்பா, ரோட்ல நின்னு சண்ட!" என்று அவரை அதட்டினாள். உன் வயசென்னம்மா என்று கேட்டேன். சொன்னாள். அந்த டேங்குக்குப் பிறகு பிறந்தவள்.

அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பாக்கு பிரஷர் ஆன்ட்டி, யாரப் பாத்தாலும் இப்டித்தான். தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள் அவள், என் கண் கலங்கியதைப் பார்த்துப் பதறி.

"திட்டட்டும்மா" என்றேன். "நல்லா மூச்சு விட்டுத் திட்டட்டும்."

மாத்தூர் பஸ் வந்தது. நான் ஏறவில்லை.